பரணில் இருக்கும் சிடிகளைக் கீழே இறக்குங்கள்



பள்ளிக்கூடத்துக் கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாரத்துக்கு ஒரு பீரியட், மூன்று பேருக்கு ஒரு கீபோர்டு என்று உட்கார்ந்து ‘தேவ்’ ஆடிய எல்லோருக்கும் இந்த மடல். பிறகு பிரவுசிங் சென்டரில் கையிலிருந்த சில்லறையை எண்ணிக் கொடுத்து ‘ரோட் ராஷ்’ ஓட்டியவர்களுக்கும், சித்தப்பா வீட்டு அசெம்பிள்டு கணினியில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆடியே பொழுது விடிந்தவர்களுக்கும் இதே மடல்தான். இன்று உங்களில் பலருக்கு நாற்பது வயது ஆகியிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில், கல்யாண ஆல்பத்துக்கும் பழைய மிக்சி டப்பாவுக்கும் நடுவில், ஜிப் வைத்த ஒரு சிடி பை இருக்கும். அந்தப் பையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் பள்ளித் தோழன் அப்படி ஒரு பையைத் திறந்து படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரு வரி: “டேய், இதெல்லாம் இனிமே ஓடாதுல்ல? தூக்கிப் போட்டுரவா?” வீடு மாற்றிக்கொண்டிருந்தான். “போடாத, வர்றேன்” என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டு மறுநாளே போய் வாங்கி வந்தேன். அவனிடம் நின்று பேச நேரமில்லாமல் விட்டதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தப் பையில் இருக்கும் கேம்களில் பெரும்பாலானவை இன்றும் ஓடும். ஓட வைக்கும் வேலையின் கடினமான பகுதியை, முகம் தெரியாத பலர் இருபது இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்து செய்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாத இடம் ஒன்றுதான், உங்கள் வீட்டுப் பரண்.

முதலில் ஏன் ஓடுவதில்லை என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

‘டேஞ்சரஸ் தேவ்’ கேமை ஜான் ரொமேரோ 1988-ல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். 1990-ல் அது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு வந்தது. கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்பது உங்கள் விரல்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு கேம் ஓடத் தொடங்கினால் கணினி முழுவதும் அதற்கே சொந்தம். திரைக்கான நினைவகத்தில் அதுவே நேராக எழுதும். கீபோர்டை அதுவே கேட்கும். ஸ்பீக்கரில் அதுவே ‘பீப்’ எழுப்பும். நடுவில் காவல்காரர் யாரும் இல்லை. இன்றைய விண்டோஸ் எந்தப் புரோகிராமையும் அப்படி வன்பொருளைத் தொட விடுவதில்லை. விடாததும் சரிதான், ஒரு புரோகிராம் தவறினால் கூடவே வங்கிக் கணக்கு திறந்திருக்கும் பிரவுசரும் சேர்ந்து விழக் கூடாதல்லவா?

ஆனால் கேம் அதை அறியாது. அதன் உலகம் 1990-லேயே நின்றுவிட்டது. சிடியிலோ ஃபிளாப்பியிலோ பதிந்திருக்கும் எண்கள் அன்று இருந்தபடியேதான் இருக்கின்றன. சுற்றியிருந்த ஊர்தான் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. 32 பிட் விண்டோஸில், டாஸ் புரோகிராம்களுக்கென்று ஒரு பழைய கணினியைப் போலவே நடித்துக் காட்டும் பகுதி ஒன்று இருந்தது. பிராசஸரே அதற்குக் கை கொடுத்தது. பிராசஸர் 64 பிட் முறையில் இயங்கும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. அதனால் 64 பிட் விண்டோஸில் அந்தப் பகுதியே வைக்கப்படவில்லை. 32 பிட்டிலும் கிடைத்த கடைசி விண்டோஸ், விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1990களின் பிற்பாதியில் வந்த எத்தனையோ கேம்கள் 32 பிட் புரோகிராம்கள்தான், இன்றும் ஓடக்கூடியவை. ஆனால் அவற்றின் ‘செட்டப்’ மட்டும் 16 பிட். சிடியைப் போட்டு செட்டப்பை அழுத்தியதும், இது உங்கள் கணினியில் ஓடாது என்று விண்டோஸ் சொல்லிவிடும். நீங்கள் கேமே செத்துவிட்டது என்று சிடியைத் திரும்பப் பையில் வைத்துவிடுவீர்கள். பூட்டியிருப்பது வாசல் கதவு மட்டும்தான். உள்ளே வீடு அப்படியே இருக்கிறது. செட்டப்பைச் சுற்றிக்கொண்டு ஃபைல்களை நேராக எடுக்கவும், பழைய செட்டப்புக்குப் பதில் புதியதை வைக்கவும் வழிகள் உண்டு. இதைத் தெரியாமல் எத்தனை நல்ல சிடிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு ஆறுவதில்லை.

டாஸ் கேம்களுக்கு இன்று பதில் ‘டாஸ்பாக்ஸ்’. 2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் ஃபான் டெர் பெர்க் என்ற இருவர் வெளியிட்டது. உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியையே மென்பொருளாகக் கட்டி எழுப்பிவிடுகிறது. பிராசஸர், விஜிஏ திரை, டைமர், சவுண்ட் பிளாஸ்டர் அட்டை என எல்லாம் அதற்குள் உண்டு. அந்தக் கால கேம்களின் செட்டப் “எந்த சவுண்டு கார்டு, எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ, எந்த டிஎம்ஏ” என்று கேட்கும், நாம் விழிப்போம். டாஸ்பாக்ஸில் விடை எப்போதும் 220, 7, 1. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்களில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. கல்லூரி லேபில் நீலத் திரையோடு ‘டர்போ சி++’ ஓடியது நினைவிருக்கிறதா? போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் விட்ட அந்தக் கம்பைலரில்தான் நம் கல்லூரிகள் பல வருடம் பாடம் நடத்தின. விண்டோஸ் 7 வந்த பிறகு அது நேராக ஓடவில்லை. அப்போது பலர் பயன்படுத்திய ‘விண்டோஸ் 7-க்கான டர்போ சி++’ பொட்டலத்தின் உள்ளே இருந்தது டாஸ்பாக்ஸ்தான். பழைய கேம் ஆட வேண்டும் என்ற ஆசையில் யாரோ எழுதிய மென்பொருளில் நம் பிள்ளைகள் செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு எழுதினார்கள். கேம்தானே என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

வேகம் இன்னொரு தொல்லை. பழைய கணினியின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன் இருந்ததே, அது எதற்கு என்று நாம் யாரும் கேட்டதில்லை. கணினியை வேண்டுமென்றே மெதுவாக்கத்தான் அது. முதல் தலைமுறை கேம்கள் பல, நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கவில்லை. பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடின. 1990-ல் வந்த ‘விங் கமாண்டர்’ வேகமான கணினியில் கண் சிமிட்டுவதற்குள் எதிரி வந்து மோதும் அளவுக்கு ஓடும். அதைவிட விசித்திரம் டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்களுக்கு வந்தது. தொடங்கும்போது அவை கணினியின் வேகத்தை அளப்பதற்கு ஒரு சிறிய கணக்குப் போடும்: 55 மில்லி விநாடியில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். 200 மெகா ஹெர்ட்ஸ் தாண்டிய பெண்டியம் கணினிகள் வந்தபோது விடை, அதற்கென்று ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. புரோகிராம் எழுதியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கணினி இவ்வளவு வேகமாக ஆகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் எஃப்11, எஃப்12 அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். அந்த டர்போ பட்டன் இப்போது உங்கள் விரல் நுனியில்.

இனிச் சொல்லப்போகும் இரண்டு கதைகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவை காட்டும்.

‘சிம்சிட்டி’ கேமில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் ஓர் இடத்தை “எனக்கு வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனேயே அதே இடத்திலிருந்து படிக்கும். காலி செய்த வீட்டுக்குள் மறுபடி போய்ப் பொருள் எடுப்பது மாதிரி. பழைய விண்டோஸில் அந்த வீட்டுக்கு உடனே வேறு ஆள் குடி வரவில்லை. அதனால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 தயாரானபோது கேம் விழத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? ‘சிம்சிட்டி’ ஓடுகிறதா என்று கண்டுபிடித்து, அது ஓடும்போது மட்டும் திருப்பிக் கொடுத்த இடத்தை உடனே வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும்படி விண்டோஸையே மாற்றியது. மென்பொருள் வல்லுநர் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிய ஒரு கட்டுரை வழியாக இது பலருக்கும் தெரியவந்தது. ஒரு கேமுக்காக ஓர் இயங்குதளம் வளைந்து கொடுத்த காலம் அது.

இரண்டாவது கதை சமீபத்தியது. ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கணினிக்கு 2005-ல் வந்தது. அதில் ‘ஸ்கிம்மர்’ என்று தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்த பிறகு சிலருடைய கேமில் அந்த விமானம் மட்டும் காணாமல் போனது. வலுக்கட்டாயமாக வரவழைத்து ஏறி உட்கார்ந்தால் ஆட்டக்காரர் ஆகாயத்தில் எங்கோ தூக்கி எறியப்பட்டார். எல்லோரும் விண்டோஸைத் திட்டினார்கள். ‘சைலன்ட்’ என்ற பெயரில் இந்தக் கேமுக்குப் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்துவரும் ஒருவர் பொறுமையாகத் தோண்டினார். வண்டிகளின் விவரங்கள் ஒரு ஃபைலில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஸ்கிம்மருக்கான வரியில் கடைசியில் வர வேண்டிய சக்கர அளவுகள் விடுபட்டுப்போயிருந்தன. முந்தைய ‘வைஸ் சிட்டி’யில் அது படகு வகையில் இருந்தது, படகுக்குச் சக்கர அளவு எதற்கு? படிக்கும் புரோகிராமும் எத்தனை எண்கள் வந்தன என்று சரிபார்க்கவில்லை. அப்படியானால் இருபது வருடம் எப்படிப் பறந்தது? அதற்கு முந்தைய வரியில் இருந்த ஒரு வேனின் சக்கர அளவு நினைவகத்தில் துடைக்கப்படாமல் மிச்சம் இருந்தது. விமானம் அந்த வேனின் சக்கரத்தைக் கடன் வாங்கிக்கொண்டு இருபது வருடம் பறந்திருக்கிறது. புதிய விண்டோஸ் தன் உள்வேலைக்கு நினைவகத்தின் அந்தப் பகுதியைக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தியது, மிச்சம் அழிந்தது, விமானம் போனது.

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இப்படி ஒரு கேமுக்கு ஒருவர், இன்னொரு கேமுக்கு இருவர் என்று உலகெங்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாக் கேமையும் ஓட வைக்கும் ஒற்றை மந்திரம் கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனி நோய், தனித்தனி மருந்து.

விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த பின்பால் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவின் அலுவலகக் கணினியில் எனக்குக் கிடைத்த ஒரே கேம் அதுதான். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து தடுப்புகளை ஊடுருவிக் கீழே விழுந்துவிட்டது, காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் கேமையே விட்டுவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். விஸ்டாவில் பின்பால் இல்லை. 2021-ல் ஓர் ஆர்வலர் அந்தப் புரோகிராமைப் பிரித்து, திரும்ப மூல நிரலாக எழுதிவிட்டார். இப்போது எங்கும் ஓடுகிறது.

விண்டோஸ் 95, 98 காலத்துக் கேம்கள்தான் உண்மையில் அதிகம் படுத்துபவை. 256 நிறங்களை மட்டும் நம்பியவை உண்டு. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஓடியபோது புல்லும் தண்ணீரும் நிறம் மாறித் திரிந்ததைப் பார்த்திருப்பீர்கள். 1996-ல் வந்த வூடூ கிராபிக்ஸ் அட்டைக்கென்றே எழுதியவை உண்டு. அந்த அட்டை செய்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனமே இன்று இல்லை. இவற்றுக்கு ‘டிஜிவூடூ 2’ என்று ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. பழைய கிராபிக்ஸ் கட்டளைகளை இன்றைய அட்டைக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும். அதிலும் ஓடாவிட்டால் ‘86பாக்ஸ்’. அது ஒரு முழுப் பழைய கணினி. அதற்குள் விண்டோஸ் 98-ஐயே நிறுவலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 1993-ல் தொடங்கிய ‘வைன்’ இருக்கிறது. நான் வீட்டில் பார்த்தவரை, விண்டோஸ் 11 கைவிட்ட சில கேம்கள் லினக்ஸில் வைன் வழியாகச் சிக்கலில்லாமல் ஓடின. விண்டோஸ் கேம் விண்டோஸைவிட லினக்ஸில் நன்றாக ஓடும் காலம் வரும் என்று 2000-ல் யாராவது சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

கேமை எழுதியவர்கள் மூல நிரலைக் கொடுத்துவிட்டால் இவ்வளவு பாடு தேவையில்லை. 1993-ல் வந்த ‘டூம்’ கேமின் மூல நிரலை ஜான் கார்மாக் 1997 டிசம்பரில் வெளியிட்டார். அதனால்தான் அது இன்று எந்தக் கருவியிலும் ஓடுகிறது. கொடுக்க நினைத்தாலும் நிரலே தொலைந்துபோன கேம்களும் உண்டு. வெஸ்ட்வுட் நிறுவனம் 1997-ல் செய்த ‘பிளேட் ரன்னர்’ அப்படிப்பட்டது. பழைய கேம்களை ஓட வைக்கும் ‘ஸ்கம்விஎம்’ மென்பொருளின் குழுவினர் சிடியில் இருந்த புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் படித்து, பல வருட உழைப்பில் 2019-ல் அதை மறுபடி ஓட வைத்தார்கள். அவர்களுக்குக் கையில் இருந்தது சிடி மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ கதையை உங்களுக்காகவே வைத்திருந்தேன். ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதியது. தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். இசை அமைத்தது அவருடைய அப்பா. மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே பல வருடம் நினைத்திருந்தார். 2012-ல் அப்பா வீட்டு அலமாரியை ஒதுக்கும்போது ஒரு பெட்டி கிடைத்தது; உள்ளே ஃபிளாப்பிகள். பழைய கணினிகளைக் கையாளத் தெரிந்த இருவர் வந்து உட்கார்ந்து, அந்த ஃபிளாப்பிகளிலிருந்து நிரலைப் பத்திரமாக எடுத்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது கிடைத்த இடம் அருங்காட்சியகம் இல்லை. ஒரு வீட்டு அலமாரி.

உயிரோடு இருக்கும் கேமுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999-ல் வந்தது. புதுப்பிக்கப்பட்ட அதன் பதிப்புக்கு 2022-ல் ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் என்றொரு நாகரிகம் சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் போர்கள் ஓர் ஆட்டத் தொடராக வந்தன. உருமி ஏந்திய வீரர்கள் வந்தார்கள். இருபத்து மூன்று வருடம் ஆன கேமில் கங்கைகொண்டவன் வந்து நிற்பதைப் பார்த்தபோது, சின்ன வயதில் அதை விடிய விடிய ஆடிய எனக்குச் சிலிர்த்துவிட்டது.

எல்லாக் கேமுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023-ல் ஆய்வு வெளியிட்டது. விற்காத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தும் அணுக நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்து உண்மை ஒன்றையும் மறைக்காமல் பேசிவிடலாம். நம் பைகளில் இருப்பவற்றில் பெரும்பாதி காப்பி சிடிகள். ஒரிஜினலின் விலை அன்று ஒரு மாத வீட்டு வாடகை. இன்று நிலைமை வேறு. போலந்தின் ‘ஜிஓஜி’ இணையக் கடை 2008 முதல் பழைய கேம்களைப் பழுது நீக்கி, டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்கிறது. தள்ளுபடி நாட்களில் பல கேம்கள் ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு வரும். கிடைப்பதை வாங்குங்கள். சிடியில்லாமல் ஓட வைக்கும் ‘கிராக்’ ஃபைல்களைத் தெரியாத இடத்திலிருந்து இறக்காதீர்கள். அவற்றோடு வைரஸும் வரும்.

அப்படியானால் பரணில் இருப்பதை ஏன் இறக்கச் சொல்கிறேன்? ‘டூம்’ போனாலும் ஆயிரம் பேரிடம் இருக்கும். அந்தப் பையில் வேறு சிடிகளும் இருக்கும், நினைத்துப் பாருங்கள். கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்தவை. டெமோக்களும் பேட்சுகளும் டிரைவர்களும் நிறைந்தவை. அந்தப் பேட்சுகள் இருந்த தளங்களில் பல மூடிப் பல வருடம் ஆகிறது. இன்னும் முக்கியமாக, நம் ஊரிலேயே செய்த தமிழ் சிடிகள். குழந்தைப் பாட்டு, குறள் வினாடி வினா, தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி, எழுத்துகளைக் கோக்கும் சின்னச் சின்ன விளையாட்டுகள். ஃபிளாஷ், டைரக்டர் என்ற மென்பொருள்களில் நாலைந்து பேர் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செய்து, புத்தகக் காட்சியில் மேசை போட்டு விற்றவை. நெதர்லாந்திலோ போலந்திலோ உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 2020 கடைசியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றது. ஆனால் ஃபிளாஷை ஓட வைக்க ‘ரஃபிள்’ இருக்கிறது. டைரக்டரில் செய்த சிலவற்றை ஸ்கம்விஎம் ஓட்டத் தொடங்கியிருக்கிறது. கருவிகள் வந்துவிட்டன. ஓட்டுவதற்குச் சிடி வேண்டும்.

நான் ஒன்றைத் தொலைத்தவன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2003 வாக்கில் புத்தகக் காட்சியில் என் அம்மா ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு சிடி வாங்கித் தந்தார். ஒரு படகு வரும். சரியான எழுத்தை ஏற்றினால் கரை சேரும். அதன் மேல்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் என் பெயரை அழுத்தி எழுதிவைத்தேன். பல வருடம் கழித்து எடுத்தபோது, எழுதிய கோட்டோடு சேர்ந்து வெள்ளிப் படலம் உரிந்து வந்தது. சிடியின் தகவல் இருப்பது அடிப்புறத்துக் கண்ணாடியில் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அது மேலே, லேபிளுக்கு அடுத்தாற்போல், மெல்லிய பூச்சின் கீழே இருக்கிறது. அடியில் விழும் கீறலைவிட மேலே விழும் கீறல்தான் சிடியைக் கொல்லும். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் யார் என்று உறையில் போட்டிருந்தது; உறையும் இல்லை. விசாரித்துப் பார்த்தவரை வேறு யாரிடமும் இல்லை.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் போடுங்கள். வெளியே செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் இரவல் கேளுங்கள். சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். காகித லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். படலமும் சேர்ந்து வரும். ஃபைல்களைச் சும்மா இழுத்து ஃபோல்டரில் போடாமல் முழு சிடியையும் ‘இமேஜ்’ ஆக எடுங்கள். அதிலும் ஐஎஸ்ஓ என்று ஒரே ஃபைலாக எடுத்தால் பல கேம்களின் பாட்டு தொலைந்துவிடும். அந்தக் காலத்தில் பின்னணி இசையை, ஆடியோ சிடியில் இருப்பது போலவே, கேமுக்குப் பின்னால் தனித் தடங்களாகப் பதித்திருப்பார்கள். 1996-இன் ‘குவேக்’ சிடியை ஆடியோ பிளேயரில் போட்டால் பாட்டாகவே கேட்கலாம். ஐஎஸ்ஓவில் அந்தத் தடங்கள் வராது. ‘பின்-கியூ’ என்ற இரட்டை ஃபைல் முறையில் வரும். வேகத்தைக் குறைத்துப் படியுங்கள். படிக்க மறுத்தால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள்; ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடும்.

உறை, கையேடு, சீரியல் எண் எழுதிய துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் முதல் நிலை முடிந்ததும் எந்தக் குப்பியைக் குடிப்பது என்பதற்கு விடை கேமில் இல்லை, கையேட்டில் இருந்தது. கையேடு போனால் இளவரசன் அங்கேயே நின்றுவிடுவான். காப்பி எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகள் போட்ட சிடிகள் இமேஜ் எடுத்தாலும் ஓட மறுக்கலாம்; அந்தப் பூட்டுக்கான டிரைவரை விண்டோஸ் 10 ஏற்கவே இல்லை. பரவாயில்லை, எடுத்து வையுங்கள். இன்று திறக்காத பூட்டுக்கு நாளை யாராவது சாவி செய்வார்கள். தமிழ் சிடியாக இருந்தால் உறையில் இருக்கும் பெயர்களைத் தேடுங்கள். செய்தவர் இன்றும் அதே ஊரில் இருக்கக்கூடும். அவரிடம் அனுமதி கேளுங்கள், மூலக் கோப்புகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

என் தோழனின் பையில் இருபத்து மூன்று சிடிகள். பத்தொன்பதை முழுதாகப் படிக்க முடிந்தது. மூன்றில் ஒன்றும் தேறவில்லை. மீதி ஒன்று தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி சிடி. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்தது. உறையில் ஐந்து இலக்கத் தொலைபேசி எண். முதல் நாள் இரவு அறுபது சதவீதம் வரை வந்து நின்றது. டிரைவை மாற்றி, வேகத்தைக் குறைத்து மறுபடி போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது எண்பத்தொன்றைத் தாண்டி, பக்கத்து மேசையில் விட்டுவிட்டுச் சுழலும் சத்தம் கேட்கிறது.

அன்புடன்,
உங்கள் கணினி அறைத் தோழன்